ஆளில்லா லாரி வல்லநாட்டைத் தாண்டுமா?

“அமெரிக்காவுல டிரைவரே இல்லாம லாரி ஓடுதாமே, செல்லுல பாத்தேன். நம்ம பக்கம் வந்தா அது வல்லநாட்டத் தாண்டுமா தம்பி?”

கேட்ட அண்ணாச்சி கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவர். நாற்கரச் சாலையோர டீக்கடையில், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, பாதிக் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆளில்லா வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘வரும்’, ‘வராது’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். இவர் ஓர் இடத்தைச் சொல்லி, அதைத் தாண்டுமா என்று கேட்டார். அந்த லாரியைச் செய்கிற பொறியாளர்களும் இப்படித்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். எந்த ரோடு, எந்த நேரம், மழையா வெயிலா என்று முதலில் எல்லை கட்டிக்கொண்டு, அதற்குள் மட்டும்தான் ஓட்டிக் காட்டுவார்கள்.

ஆகவே அவருடைய தடத்தையே எடுத்துக்கொண்டேன். கங்கைகொண்டானில் ஏறி, தாழையூத்து தாண்டி, தாமிரபரணியை ஒரு முறை கடந்து கே.டி.சி. நகர், அங்கே கிழக்கே திரும்பினால் வல்லநாட்டில் மறுபடியும் அதே ஆறு, பிறகு வாகைக்குளம், தூத்துக்குடி, துறைமுகம்.

அமெரிக்கச் செய்தி உண்மைதான். அரோரா என்ற நிறுவனம் 2025 ஏப்ரல் கடைசியில் டெக்சாஸில் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே, ஏறத்தாழ 320 கிலோமீட்டர், ஓட்டுநர் சீட்டில் ஆளில்லாமல் சரக்கு ஏற்றி ஓட்டத் தொடங்கியது. நெல்லையிலிருந்து திருச்சி போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி கேட்டுக்கொண்டதால், ஓர் ஆளை மறுபடியும் அந்த சீட்டில் உட்கார வைத்தார்கள். அவர் வண்டியை ஓட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

“ஓட்டாம பாத்துக்கிட்டே இருக்கணுமா? அதுல்லா கஷ்டம்,” என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது சரி. ஒன்றும் செய்யாமல் விழிப்பாக மட்டும் இருப்பது மனிதனுக்கு வராத வேலை.

காருக்குச் செய்ததை அப்படியே லாரிக்கு மாட்டிவிட முடியாதா என்று பலர் கேட்பார்கள். முடியாது; காரணம் பிரேக். நாற்கரச் சாலையில் சரக்கு வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து, மனதுக்குப் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். அப்புறம் ஏர் பிரேக் பிடித்து, பாரம் ஏற்றிய வண்டி காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 60 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 95 மீட்டர். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் 130-ஐத் தாண்டும். கம்ப்யூட்டர் நம்மைவிடச் சீக்கிரம் முடிவெடுக்கும், அதில் ஒரு இருபத்தைந்து மீட்டர் மிச்சமாகலாம். மீதிக்கு டயரும் ரோடும்தான் பொறுப்பு. அதிலும் டிரெய்லர் வண்டியில் பிரேக்கை வெடுக்கென்று மிதித்தால் முன்பாகம் நின்று பின்பாகம் மடங்கி வந்து இடிக்கும். மெதுவாகப் பிடிக்க வேண்டும். மெதுவாகப் பிடிக்க, முன்கூட்டியே தெரிய வேண்டும். நகருக்குள் ஓடும் காருக்கு 100 மீட்டர் பார்வை போதும் என்றால், லாரிக்கு 200, 300 மீட்டருக்கு அப்பால் இருப்பதும் தெரிந்தாக வேண்டும்.

அதைப் பார்க்க அதற்கு மூன்று வகைக் கண்கள் உண்டு. ஒன்று கேமரா, ஒன்று ரேடார், ஒன்று லைடார். ஒன்றிருந்தால் போதாதா? போதாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் காலை வாரிவிடும்.

கேமரா நம் கண்ணுக்கு மிக நெருங்கியது. நிறம் தெரிவது அதற்கு மட்டும்தான். முன்னால் போகிற வண்டியின் பிரேக் லைட் சிவப்பு, கோட்டின் வெள்ளை, போலீஸ்காரரின் காக்கி, எல்லாம் கேமரா தரும் சேதி. ஆனால் தூரத்தை அது நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு ஊகிக்கிறது. எதிரில் ஹைபீம் அடித்தால் கூசும். நெல்லை–தூத்துக்குடி ரோட்டில் இதற்கென்றே ஒரு கஷ்டம் இருக்கிறது: ரோடு கிழக்கு மேற்காகப் போகிறது. காலையில் துறைமுகம் போகிறவருக்கும் சாயங்காலம் திரும்புகிறவருக்கும் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அண்ணாச்சி கண்ணாடியில் பாதிக்குக் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்ட முடியாது.

ரேடாருக்கு வெயிலும் ஒன்றுதான், இருட்டும் ஒன்றுதான். பம்பருக்குப் பின்னால் உட்கார்ந்து 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். அலையின் நீளம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அது எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். அதைவிடப் பெரிய வசதி, வேகம் தெரிவது. கங்கைகொண்டான் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயில் ஊதிக்கொண்டே வந்தால், கிட்டே வரும்போது சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் சட்டென்று இறங்கியும் கேட்கும் இல்லையா, ரேடார் அலைக்கும் அதே கதி. நெருங்கி வருகிற பொருளில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் கூர்மையாகத் திரும்பும். விலகிப் போகிறதில் பட்டது தணிந்து திரும்பும். அந்த வித்தியாசத்திலிருந்து, முன்னால் போகிற பஸ் என்ன வேகத்தில் போகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். மழையிலும் மூடுபனியிலும் பெரிதாகச் சளைக்காது.

அதற்குத் தெரியாதது உருவம். ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று சொல்லும். அது மாடா, மைல்கல்லா என்று கேட்டால் விழிக்கும். அசையாமல் நிற்கிற பொருள் என்றால் இன்னும் சங்கடம். ரோட்டோர போர்டு, பாலத்தின் கைப்பிடி, மேலே தொங்குகிற வழிகாட்டிப் பலகை எல்லாமே அசையாதவை. எல்லாவற்றிலும் அலை பட்டுத் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் அடித்தால் வண்டி ஊர் போய்ச் சேராது. அதனால் பழைய ரேடார்கள் நிற்கிற பொருளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டன. நம் ரோட்டில் ஆளைக் கொல்வது பல சமயம் அந்த நிற்கிற பொருள்தான்: ராத்திரியில், லைட் இல்லாமல், இடதுபக்க டிராக்கில் பஞ்சராகி நிற்கிற லாரி.

இந்த இடத்தில்தான் லைடார் வேண்டியிருக்கிறது. இது லேசர் ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 150 மீட்டர் தள்ளி நிற்கிற மாட்டைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு மைக்ரோ வினாடி, அதாவது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இப்படி வினாடிக்கு லட்சக்கணக்கான துடிப்புகளை நாலாபக்கமும் வீசி, பட்ட இடத்தையெல்லாம் புள்ளியாக வைத்துக்கொண்டே போனால், புள்ளிகளாலேயே உலகத்தின் உருவம் எழுந்துவிடும். அதில் மாடு மாடாகத் தெரியும், பாலத்தின் தூண் தூணாகத் தெரியும். இருட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஆனால் தூரம் போகப் போகப் புள்ளிகள் கலைந்துவிடும். அடுத்தடுத்த கதிர்களுக்கு இடையே பத்தில் ஒரு பாகை இடைவெளி என்று வையுங்கள். 20 மீட்டரில் புள்ளிக்குப் புள்ளி மூன்றரை சென்டிமீட்டர். ஒரு ஆள் முழுசாகத் தெரிவார். 200 மீட்டரில் அதே இடைவெளி 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். அங்கே பைக்கில் போகிறவர் மேல் விழுவது நாலைந்து புள்ளிகள். அந்த நாலைந்தை வைத்துக்கொண்டுதான், போகிறது பைக்கா, காற்றில் பறக்கும் சிமெண்ட் சாக்கா என்று தீர்மானிக்க வேண்டும். நனைந்த தார் ரோடு வேறு கண்ணாடி மாதிரி ஆகி, ஒளியைத் திருப்பி அனுப்பாமல் முன்னால் தள்ளிவிடும். ரோடு இருக்கிற இடத்தில் வெறுமை தெரியும்.

“அப்ப மூணையும் சேத்துப் பாக்கும்னு சொல்லுதிய. மூணும் மூணு விதமாச் சொன்னா?”

அங்கேதான் உண்மையான வேலை. யார் சொல்வதை எப்போது எவ்வளவு நம்புவது என்பதற்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மழை என்றால் ரேடார் பேச்சுக்கு மதிப்புக் கூடும், லைடாருக்குக் குறையும். வினாடிக்குப் பத்து முறைக்குக் குறையாமல் இந்தப் பஞ்சாயத்து நடக்கும். ஒவ்வொரு முறையும் ‘போன தடவை இங்கே இருந்தது, இந்த வேகத்தில் போனது, இப்போது இங்கே இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே ஓர் ஊகம் வைத்து, புதிதாக வந்த சேதியோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஒரு கணம் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்த பைக்கை அது மறந்துவிடாமல் இருப்பது இதனால்தான்.

லாரிக்கே உரிய இன்னொரு தொல்லையை இங்கே சொல்ல வேண்டும், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கேபின் ஸ்பிரிங் மேல் ஆடுகிறது. கண்கள் பொருத்தியிருப்பது அந்தக் கேபினில். வேகத்தடையில் ஏறி இறங்கினாலே பொருத்திய கோணம் ஒரு மயிரிழை மாறலாம். ஒரே ஒரு பாகை திரும்பிவிட்டது என்று வையுங்கள்: 200 மீட்டர் தள்ளி அது மூன்றரை மீட்டர் பிசகு. நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு டிராக்கின் அகலம் சரியாக மூன்றரை மீட்டர். அதாவது, பக்கத்து டிராக்கில் நிற்கிற லாரி நம் டிராக்கில் நிற்பதாகத் தெரியும், நம் டிராக்கில் நிற்பது பக்கத்தில் நிற்பதாகத் தெரியும். இதற்காகவே ஆட்டத்தை அளக்கும் கருவிகளை வைத்து, கேபின் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று கணத்துக்குக் கணம் கழித்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி நாகர்கோவில் பக்கம் ஓட்டுகிறவராக இருந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்றையும் பேச வேண்டியிருக்கும். காலிக் கண்டெய்னரைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்று அது.

இனி, தான் எங்கே இருக்கிறது என்பது லாரிக்கு எப்படித் தெரியும்? ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். செல்போனில் இருக்கிற ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். சில மீட்டர் என்றால் மறுபடியும் அந்த மூன்றரை மீட்டர் கணக்கு: எந்த டிராக்கில் இருக்கிறோம் என்பதே தெரியாது. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் அடுக்கில் பஸ் போகிறது, கீழ் அடுக்கில் சைக்கிள் போகிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. உயரத்தையும் சரியாகச் சொன்னால்தான் எது எங்கே என்று பிரியும். ஜி.பி.எஸ்ஸோ உயரத்தில்தான் அதிகம் தடுமாறும்.

இதில் திருநெல்வேலிக்கென்றே ஒரு விசேஷம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊருக்கு மிக அருகில் போகிறது. சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், திருச்செந்தூர் ரோட்டில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பது அதற்காகத்தான். தரைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தை அங்கே ரேடியோ அலை அனுப்பிக் கவனித்துவருகிறார்கள். ஜி.பி.எஸ். சேதி 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது, இந்த மண்டலத்தைத் துளைத்துத்தான் கீழே இறங்க வேண்டும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில், பொழுது சாய்ந்த பிறகு, அயனி மண்டலம் சட்டென்று மேலெழும். சில இரவுகளில் அதற்குள் அயனி குறைந்த குமிழிகள் உண்டாகிக் கிளம்பும். குமிழியைக் கடக்கும் சேதி மினுக்கும், சில வேளை அறுந்தும் போகும். சூரியனில் கொந்தளிப்பு அதிகமுள்ள ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசியை ஒட்டி, இது கூடும். டெக்சாஸ்காரருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இருட்டிய பிறகுதான் துறைமுகத்துக்கு லாரிகள் வரிசை கட்டும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இடம் காட்டும் நம் சொந்த நாவிக் செயற்கைக்கோள்கள் இந்தியாவை மையமாக வைத்துச் சுற்றுவதால் பெரும்பாலும் வானத்தில் உயரத்தில் இருக்கும். மலையோ கட்டடமோ மறைப்பது குறைவு. 2023 மே 29 அன்று நாவிக் வரிசையின் புதிய தலைமுறைச் செயற்கைக்கோளை ஜி.எஸ்.எல்.வி. ஏற்றிச்சென்றது. இருந்தாலும் அயனி மண்டலத்தைத் தாண்டித்தான் அதன் சேதியும் வர வேண்டும். தரையில் இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையங்களை நிறுவி, ‘இப்போது வானத்திலிருந்து வருவதில் இவ்வளவு பிசகு’ என்று கணத்துக்குக் கணம் அறிவித்தால் வண்டி அதைக் கழித்துக்கொண்டு சில சென்டிமீட்டருக்குள் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். இந்திய நில அளவைத் துறை அப்படிப்பட்ட நிலையங்களை நாடு முழுக்க அமைத்திருக்கிறது.

ஆனாலும் வானத்தை மட்டும் நம்பி 50 டன்னை ஓட்ட யாருக்கும் துணிச்சல் வராது. ஆகவே வண்டிக்குள் ஒரு வரைபடம் இருக்கும். நாம் செல்லில் பார்க்கிற வரைபடம் இதற்கு உதவாது. ஒவ்வொரு கோடு, ஒவ்வொரு விளக்குக் கம்பம், தடுப்புச் சுவர், பாலத்தின் இணைப்பு என்று சென்டிமீட்டர் கணக்கில் முன்கூட்டியே அளந்துவைத்த படம் வேண்டும். லைடார் இப்போது பார்க்கிற புள்ளிகளை அந்தப் படத்தின் மேல் வைத்து நகர்த்தி, எங்கே கச்சிதமாகப் பொருந்துகிறதோ அதுதான் நம் இடம் என்று முடிவு செய்யும். இரண்டும் கொஞ்ச நேரம் கைவிட்டால், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்று எண்ணிக்கொண்டே போய்ச் சமாளிக்கும். புளியரை எஸ் வளைவு மாதிரி மலையும் மரமும் மறைக்கிற இடத்தில் அதைத்தான் நம்ப வேண்டும்.

“படம் புடிச்ச பொறவு ரோடு மாறிச்சுன்னா?”

வல்லநாடு என்று அவர் கேட்டதற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. ஆற்றின் மேல் அந்தப் பாலத்தில் தளம் ஓட்டை விழுவதும், ஒரு பக்கத்தை அடைத்து எல்லா வண்டிகளையும் மறுபக்கத்தில் எதிரெதிராக விடுவதும் அந்தத் தடத்தில் ஓடுகிறவர்களுக்குப் பழகிப்போனது. வரைபடம் ‘இது ஒருவழி, எதிரே யாரும் வர மாட்டார்கள்’ என்று சொல்லும்; கண்ணுக்கு முன்னால் அரசு பஸ் நேராக வந்துகொண்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தெரியாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ரோடுகள் ரோடுகளாகவே இல்லை. அன்றைக்கு எந்த வரைபடமும் செல்லாது. இதற்காகத்தான், கண் பார்ப்பதும் படம் சொல்வதும் முரண்பட்டால் கண்ணை நம்பு, வேகத்தைக் குறை, புரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்து என்று கட்டளை எழுதிவைக்கிறார்கள். இது இருப்பதிலேயே நேர்மையான கட்டளை. ஆனால் வல்லநாடு பாலத்தின் நடுவே ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஒரு டிரெய்லர் நின்றால், பின்னால் கே.டி.சி. நகர் வரைக்கும் ஹாரன் சத்தம்தான்.

பழையதையும் புதியதையும் கலந்து நம்பியதால் வந்த வினை ஒன்று பதிவாகியிருக்கிறது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் டூசிம்பிள் நிறுவனத்தின் லாரி நெடுஞ்சாலையில் போகும்போது திடீரென்று இடப்பக்கம் ஒடித்து கான்கிரீட் தடுப்பில் மோதியது. உள்ளே ஆள் இருந்தும் நொடியில் நடந்துவிட்டது. விசாரித்தபோது, ஸ்டியரிங்குக்குப் போன கட்டளை இரண்டரை நிமிடம் பழையது என்று தெரிந்தது. தானோட்டத்தை மறுபடி இயக்கியபோது, பழைய கட்டளையை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அன்று பிசகியது கண் இல்லை, கட்டளை.

இவ்வளவு சொன்ன பிறகு அண்ணாச்சி தன் தரப்பை எடுத்து வைத்தார்.

“பாக்கதெல்லாம் பாக்கட்டும் தம்பி. நடு ரோட்டுல நாலு கல்லு, அதுக்குப் பின்னால ஒரு வேப்பங்கொப்பு கெடக்கு. அத என்னன்னு நெனைக்கும்?”

இதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இதுதான் மொத்தப் பிரச்சினையும். ரோட்டில் கல்லும் கொப்பும் கிடந்தால், முன்னால் ஒரு லாரி பிரேக் டவுன் ஆகி நிற்கிறது, நின்ற டிரைவர் நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார் என்று அர்த்தம். வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். லைடாருக்கு நான்கு சின்ன மேடு தெரியும். கேமரா, இலை என்று சொல்லும். இது காற்றில் முறிந்து விழுந்ததல்ல, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எழுதிவைத்த சேதி என்பதை எந்தக் கருவி அளக்கும்? முன்னால் போகிற லாரியின் கிளீனர் கையை வெளியே நீட்டி அசைப்பதும் அப்படித்தான். ‘போ’ என்கிறாரா, ‘பொறு’ என்கிறாரா என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். ஏன் தெரிந்தது என்று நம்மாலேயே சொல்ல முடியாது.

பிசானம் அறுப்பு முடிந்தவுடன் ஆற்றங்கரை ஊர்களின் ரோட்டில் பாதிக்கு நெல் காயும். விளிம்பில் கல் அடுக்கி, நடுவில் அஞ்சு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஓர் அம்மா காலாலேயே துழாவிக்கொண்டு நடப்பார். அதில் சக்கரம் ஏறலாமா? ஏறினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏறக்கூடாது, ஏறினால் ஊரே திரண்டு வரும். ‘தடையில்லை, ஆனாலும் போகக்கூடாது’ என்ற வகை டெக்சாஸில் கிடையாது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடிய விடிய ரோட்டோரமாக நடக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் களைத்துப் போய் வெள்ளைக் கோட்டின் மேலேயே படுத்திருப்பார். வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் வேறு இருக்கிறது. மான் எந்த நொடியில் எந்தப் பக்கம் துள்ளும் என்று மானுக்கே தெரியாது.

இதையெல்லாம் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியாதா? படம் காட்டித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் உலகமெங்கும் பயன்பட்ட படத்தொகுப்பில் இருந்தது பெரும்பாலும் ஜெர்மானிய நகரங்களின் தெரு. அதில் படித்த கணினிக்கு ஆட்டோ என்றால் என்னவென்று தெரியாது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018இல், ஹைதராபாத், பெங்களூரு ரோடுகளில் எடுத்த 10,000 படங்களில் ஒவ்வொரு பொருளையும் கோடு போட்டுப் பிரித்து 34 வகையாகப் பெயரிட்டு வெளியிட்டது. அதில் ஆட்டோவுக்கு ஓர் இடம், விலங்குக்கு ஓர் இடம், தாரை விட்டு இறங்கி ஓட்டக்கூடிய மண் ஓரத்துக்கும் ஓர் இடம். இது நல்ல தொடக்கம். ஆனால் வேப்பங்கொப்பு 35ஆவது வகையாகச் சேர்ந்தாலும் பிரச்சினை தீராது. பொருளை அடையாளம் காண்பது ஒரு படி. அதை வைத்தவர் என்ன நினைத்தார், அடுத்து என்ன நடக்கும் என்று யூகிப்பது அதற்கு மேலே பல படி. அந்தப் படிகளில்தான் இப்போது உலகமே மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறது. வேகமாகவும் ஏறுகிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2004இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பு பாலைவனத்தில் ஆளில்லா வண்டிப் பந்தயம் வைத்தபோது, முன்னணியில் போன வண்டியே 12 கிலோமீட்டருக்குள் சிக்கி நின்றது. அடுத்த வருஷம் ஐந்து வண்டிகள் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்தன. கடைசியாக, கெடுவைத் தாண்டி வந்து சேர்ந்த ஐந்தாவது வண்டி ஒரு லாரி.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் முதல் ஆளில்லா லாரி ரோட்டில் வராது. துறைமுகத்தின் மதில் சுவருக்குள் வரும், இல்லையென்றால் தாழையூத்து மாதிரி சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குவாரிக்குள் வரும். காரணம் எளிது: அங்கே பாதயாத்திரை இல்லை, நெல் காய்வதில்லை, வேகம் குறைவு, தடம் மாறாது. உலகத்திலும் அந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. ராட்டர்டாம் துறைமுகத்தில் 1993இலேயே ஆளில்லா வண்டிகள் கண்டெய்னர் சுமந்தன. ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் 2008 முதல் ஆளில்லா டிப்பர்கள் ஓடுகின்றன. அவற்றைக் கவனிக்கிறவர்கள் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரில் ஏ.சி. அறையில் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்திலும் ஆளில்லா வண்டிகள்தான் கண்டெய்னர் இழுக்கின்றன. எண்ணூரிலும் ஓசூரிலும் லாரி செய்கிற அசோக் லேலண்ட், பெங்களூரின் மைனஸ் ஸீரோவோடு கைகோத்திருப்பதும் துறைமுகம், ஆலை வளாகம் போன்ற இடங்களில் தொடங்கி நெடுஞ்சாலைக்குப் போகலாம் என்ற யோசனையில்தான்.

“அப்ப எனக்கு வேல போகாதுங்கிய.”

ரோட்டில் இப்போதைக்குப் போகாது. டிரைவர் இல்லாத வண்டியை இந்தியாவில் அனுமதிக்கப்போவதில்லை என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் சொன்னார், 2023இலும் சொன்னார், காரணம், வேலை. எனக்கு அது பாதி ஆறுதல்தான். லாரி டிரைவரின் வேலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிற நாட்டில், புதிய லாரிக் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி அமலுக்கு வந்ததே 2025இல்தான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொல்லிவிட்டது. அதைப் படித்துக் காட்டியபோது அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது.

முழு லாரி வராவிட்டாலும் அதன் கண்கள் சீக்கிரம் வந்துவிடும். முன்னால் ஆபத்து என்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் அமைப்பு, கோடு தாண்டினால் எச்சரிப்பது, டிரைவர் கண் அசந்தால் எழுப்புவது, இந்த மூன்றும் புதிய லாரி, பஸ்களில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மத்திய அமைச்சகம் 2025 மார்ச்சில் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. வேலை செய்வது நாம் பேசிய அதே ரேடாரும் கேமராவும்தான். அடுத்த வண்டி எடுக்கும்போது அண்ணாச்சியின் பம்பரில் அது உட்கார்ந்திருக்கலாம்.

“அதுக்கு நான் என்ன செய்யணும்?” என்றார்.

பெரிதாக ஒன்றுமில்லை. ரேடார் இருப்பது பம்பரின் நடு மத்தியில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால். கேமரா இருப்பது முன்கண்ணாடியில், உள்பக்கம். திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதும், இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவதும், ஆயுத பூஜைக்கு மாலை போட்டுச் சந்தனம் அப்புவதும் மிகச் சரியாக இந்த இரண்டு இடத்தில்தான். இரும்புக் கம்பி ரேடாரைக் குழப்பும். சந்தனம் கேமராவின் கண்ணை மூடும். பூஜை போடலாம், மாலை கொஞ்சம் தள்ளி விழட்டும், கம்பி பம்பர் வேண்டாம், மழையில் சேறு தெறித்தால் அந்த மூடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.